அலைவழி அறிந்தோர்

பசிபிக் பெருங்கடல் நிலவுலகின் மேற்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கவர்ந்து கிடப்பது. உலகின் நிலப்பகுதிகள் அனைத்தையும் ஒருங்கே சேர்த்து அதனுள் இட்டாலும் பின்னும் இடம் எஞ்சும். அப்பெரும்பரப்பின் நடுவே, முற்றத்தில் சிந்திய பயற்றுமணிகள் போல, ஆயிரக்கணக்கான தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு தீவுக்கும் மற்றொரு தீவுக்கும் இடையே 50 மைல் இருத்தலும் உண்டு. 2,000 மைல் இருத்தலும் உண்டு. அவற்றுள் பல, பவள உயிர்கள் கட்டிய தாழ்ந்த திட்டுகள். கலத்திலிருந்து நோக்குவோர்க்கு முதற்கண் தென்படுவது தரையன்று, தென்னைகளின் தலையே. அத்தலையும் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் நின்று நோக்கினால் கடலுக்குள் மறைந்துவிடும்.

இத்தகைய தீவுகளிலெல்லாம் பண்டை நாளிலேயே மக்கள் குடியேறி வாழ்ந்தனர். வடக்கே ஹவாய், தென்கிழக்கே ஈஸ்டர் தீவு, தென்மேற்கே நியூசிலாந்து ஆகிய மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு மாபெரும் முக்கோணம் தோன்றும். அம்முக்கோணத்துள் வாழும் மக்கள் பேசும் மொழிகள் அனைத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் உறவுடையவை. அவர்களிடம் இரும்பு இல்லை, காந்த ஊசி இல்லை, கடற்படம் இல்லை. கல்லாலும் சிப்பியாலும் செதுக்கிய மரங்களைத் தேங்காய் நார்க் கயிற்றால் பிணித்து, தாழையோலைப் பாயை விரித்து, அவர்கள் கடலைக் கடந்தனர். யாங்ஙனம் கடந்தனர் என்பதே இப்பாடத்தில் நாம் காணப் புகுவது.

1769-ஆம் ஆண்டில் ஆங்கில மாலுமியாகிய குக் என்பார் தகித்தித் தீவுக்குச் சென்றார். ஆண்டுத் துபாயா என்னும் பெரியவர் ஒருவர் அவரது கப்பலில் ஏறிக்கொண்டார். துபாயா தம் நினைவிலிருந்தே எழுபதுக்கு மேற்பட்ட தீவுகளைக் குறித்துக் காட்டினார். கப்பல் எத்திசையில் திரும்பினும், எத்தனை நாள் ஓடினும், தகித்தி எப்புறம் உள்ளது என்று வினவிய போதெல்லாம் தயங்காது கைநீட்டிக் காட்டினார் என்பர். அப்பெரியவர் மறு ஆண்டிலேயே பத்தாவியா நகரில் நோயுற்று மாண்டார். அவர் அறிந்திருந்ததை முழுமையும் கேட்டு எழுதிக்கொண்டார் எவரும் இலர்.

பின்வந்த அறிஞர் சிலர், இத்தீவினர் வழியறிந்து கலஞ்செலுத்தியிருக்க இயலாது என்றே கருதினர். 1947-ஆம் ஆண்டில் நார்வே நாட்டினரான ஹெயர்தால் என்பார் பெரு நாட்டிலிருந்து ஒரு தெப்பத்தில் புறப்பட்டு, காற்றும் நீரோட்டமும் ஈர்த்துச் செல்ல, 101 நாட்களில் ராரோயாத் தீவை அடைந்தார். தென்னமெரிக்காவிலிருந்தே மக்கள் இவ்வாறு மிதந்து வந்தனர் என்பது அவர் துணிபு. 1956-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஷார்ப் என்பார், நெடுந்தொலைவிலுள்ள தீவுகளுக்கு மக்கள் திட்டமிட்டுச் செல்லவில்லை, புயலில் வழிதவறியே சென்று சேர்ந்தனர் என்று ஒரு நூல் எழுதினார். தெப்பப் பயணம் துணிவு மிக்கதே. அதனை யாரும் மறுக்கார். ஆயினும் ஒருவன் மிதந்து செல்லக்கூடும் என்பதனால் அனைவரும் மிதந்தே சென்றனர் என்பது பெறப்படுமோ? தீவினரின் மொழியும், வளர்த்த பயிர்களுள் பெரும்பாலனவும், புதைபொருள்களும் அவர்கள் மேற்கேயுள்ள ஆசியப் பக்கத்திலிருந்து வந்தமையையே காட்டுகின்றன. அங்கு ஆண்டின் பெரும்பகுதியும் காற்று கிழக்கிலிருந்து வீசுவது. ஆதலின் அவர்கள் காற்றை எதிர்த்தே முன்னேறியிருத்தல் வேண்டும். மிதக்கும் கட்டை காற்றை எதிர்த்துச் செல்லாது.

இவ்வழக்கைத் தீர்க்க ஹவாயில் 1973-ஆம் ஆண்டில் ஒரு கடற்பயணச் சங்கம் தோன்றியது. பழைய அமைப்பின்படி ஓர் இரட்டை ஓடம் கட்டி, கருவி எதுவுமின்றித் தகித்திக்குச் செலுத்திக் காட்டுவதே அதன் நோக்கம். 1975 மார்ச்சு 8-ஆம் நாள் அக்கலம் நீரில் இறங்கியது. நீளம் 62 அடி. இரண்டு ஓட உடல்களைக் குறுக்கு மரங்களால் இணைத்து, அவற்றின்மேல் பலகைத் தளம் அமைத்திருந்தனர். இவ்வகை இரட்டைக் கலத்தை ஆங்கிலத்தார் ‘கட்டமரான்’ என்பர். நம் கட்டுமரமே அவர் நாவில் அவ்வாறு திரிந்தது. ஆயினும் நம் பரதவர் கட்டும் மரம் வேறு, இக்கலம் வேறு. சொல் மட்டும் ஊர் சுற்றிப் பொருள் மாறிவிட்டது. கலத்துக்கு ‘ஹோகுலேயா’ என்று பெயரிட்டனர். மகிழ்ச்சி விண்மீன் என்பது அதன் பொருள். நாம் சோதி என்றும் சுவாதி என்றும் வழங்கும் விண்மீனே அது. ஹவாய்த் தீவின் தலைக்கு நேர் மேலே அவ்விண்மீன் செல்லும்.

கலம் ஆயத்தமாயிற்று, மீகாமன் இல்லை. வழியறிந்து கலத்தை ஓட்டுவோனை நம் பழைய நூல்கள் மீகாமன் என்றும் மீகான் என்றும் கூறும். அக்கலையறிந்தோர் ஹவாயில் ஒருவர்கூட எஞ்சவில்லை. மேற்கே கரோலின் தீவுகளில் மட்டும் ஒரு சிலர் இருந்தனர். அவருள் ஒருவரே மவு பியாயிலுக் என்பார்.

மவு 1932-ஆம் ஆண்டில் சதவால் தீவில் பிறந்தவர். அத்தீவின் பரப்பு ஒரு சதுர மைலும் இல்லை. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 500 பேரே. அங்கே கடலோடுதல் பொழுதுபோக்கன்று. ஆமையும் மீனும் வேண்டின், 50 மைலுக்கு அப்பாலுள்ள ஆளில்லாத் திட்டுக்குச் சென்று வருதல் வேண்டும். புயல் தீவின் மரங்களை அழித்தால், அண்டைத் தீவினரிடம் உணவு வேண்டிக் கடல் கடத்தல் வேண்டும். நல்ல மீகாமன் இல்லாத தீவு பசியால் வாடும். ஆதலின், குழவிப் பருவத்திலேயே மவுவைத் தேர்ந்தெடுத்த அவருடைய பாட்டனார், கரையோரப் பாறைக் குட்டைகளில் கிடத்திக் கடல்நீரின் அசைவைக் குழந்தையின் உடல் உணருமாறு செய்தார். ஐந்தாறு வயதில் பாடம் தொடங்கிற்று. பாயின்மேல் பவளக் கற்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு கல்லும் ஒரு விண்மீன் எழும் இடமோ விழும் இடமோ எனச் சொல்லி, நடுவே ஓலையால் செய்த சிறு கலத்தை வைப்பர். வட்டத்தில் மொத்தம் 32 இடங்கள். எத்தீவிலிருந்து எத்தீவுக்குச் செல்ல எவ்விண்மீனை நோக்கிக் கலத்தைத் திருப்ப வேண்டும் என்று ஆசிரியர் வினவ, மாணவன் விடை கூறுவான். எழுத்தில்லை, ஏடில்லை. நம் பழைய திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஒப்பித்தவாறே அங்கே கடலை ஒப்பித்தனர் என்க.

விண்மீன்களால் வழியறிதல் எவ்வாறு எனச் சிறிது காண்போம். ஒரு விண்மீன் இன்று அடிவானில் எவ்விடத்தில் எழுகின்றதோ, நாளையும் அவ்விடத்திலேயே எழும். நேரம் மட்டும் நான்கு நிமிடம் முந்தும். ஓணமீன் ஏறத்தாழ நேர்க் கிழக்கில் எழும். கார்த்திகைக் கூட்டம் கிழக்கினின்று சற்று வடக்கே எழும். கேட்டை தெற்கே ஒதுங்கி எழும். எழுந்த மீன் மேலே ஏறிவிட்டால் திசை காட்டப் பயன்படாது. அப்போது அதே இடத்தில் எழும் அடுத்த மீனைப் பற்றிக்கொள்வர். இவ்வாறு ஓரிரவில் பத்துக்கு மேற்பட்ட மீன்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே திசையைக் காட்டி நிற்கும்.

இது தெளிந்த வானத்துக்குரிய கல்வி. வெப்ப மண்டலக் கடலிலோ வானம் தெளிந்தே இருப்பதில்லை. காலையில் இனிய காற்று வீசும். நண்பகலில் காற்று ஒடுங்கிப் பாய் துவண்டு தொங்கும். மாலையில் தொடுவானில் கருங்கோடு போல் ஒரு முகில் தோன்றி, கால் நாழிகைக்குள் மழையும் சூறையுமாய் மேலே விழும். பாயை உடனே இறக்காவிடின் பாய்மரம் முறியும். அம்மழையையே பிடித்துக் குடிநீராகச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. சிறப்பாக, நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே வடகிழக்கு வியாபாரக் காற்றும் தென்கிழக்கு வியாபாரக் காற்றும் வந்து கூடும் இடம் ஒன்று உண்டு. ஆண்டு வெங்காற்று மேலெழுந்து முகிலாகக் குவிதலால், நாட்கணக்கில் ஞாயிறும் தோன்றாது, திங்களும் தோன்றாது. காற்றும் ஒரு திசையில் நில்லாது. விண்மீனை நம்பியவன் அங்கே என் செய்வான்?

அவனுக்குத் துணை அலை. அலை என்றவுடன் காற்றடித்தால் எழுந்து காற்று நின்றால் அடங்கும் சிற்றலையை நினைத்தல் கூடாது. நெடுந்தொலைவில், பல நாட்கள் ஒரே திசையில் வீசிய காற்றோ புயலோ எழுப்பிய பெருந்திரைகள் ஆயிரம் மைலுக்கு அப்பாலும் தம் திசை மாறாது வந்துகொண்டிருக்கும். உள்ளூர்க் காற்று நாளுக்கு நான்கு முறை மாறினும் அவை மாறுவதில்லை. வடகிழக்கிலிருந்து ஒரு திரை, தெற்கிலிருந்து ஒரு திரை எனப் பல திரைகள் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்லும். கண்ணால் நோக்குவார்க்கு அது குழப்பமே. மீகாமன் கண்ணை நம்பாது, ஓடத்தின் அடித்தளத்தில் படுத்துக்கொண்டு, கலம் எழும் வகையையும் சாயும் வகையையும் உடலால் அறிவான். இடப்புற முன்மூலை முதலில் எழுந்து வலப்புறப் பின்மூலை பின்னர் எழுந்தால் இன்ன திரை. அந்த ஆட்டம் சிறிது மாறினால் கலம் வழி விலகியது. அவன் உறங்குகின்றான் என்று கருதிச் சுக்கான் பிடிப்போன் அசட்டையாக இருந்தால், உள்ளிருந்து அதட்டும் குரல் எழும்! வானம் தெளிந்தபோது விண்மீனோடு ஒத்துப் பார்த்துத் திரையின் திசையை உறுதி செய்துகொள்வான். வானம் மூடியபோது திரையைக் கொண்டு விண்மீன் இருக்கும் இடத்தை உன்னுவான். ஒன்று மறைந்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

திசை அறிந்தால் போதுமோ? எவ்வளவு தொலைவு வந்தோம் என்பதும் அறிதல் வேண்டும். இதற்குக் கரோலின் தீவினர் கண்ட முறை வியப்புக்குரியது. அவர்கள் கருத்தில் கலம் ஓடுவதில்லை; கலம் நடுவே அசையாது நிற்கின்றது; தீவுகளே அதைக் கடந்து பின்னோக்கிச் செல்கின்றன. புகைவண்டியில் அமர்ந்திருக்கும் சிறுவன், பனைமரங்கள் பின்னே ஓடுவதாகக் காண்பான் அல்லனோ? அதுவே இது. செல்லும் வழிக்குப் பக்கவாட்டில், அடிவானத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத மூன்றாந் தீவு ஒன்றை மனத்திற் கொள்வர். புறப்படும்போது அத்தீவு ஒரு விண்மீன் எழும் இடத்துக்குக் கீழே உள்ளது. செல்லச் செல்ல அடுத்த மீனின் கீழ், அதற்கடுத்த மீனின் கீழ் என நகரும். அவ்வாறு நகரும் ஒவ்வொரு பகுதியும் வழியின் ஓர் அளவு. இவ்வளவைக்கு ‘எத்தாக்’ என்று பெயர். காணாத தீவைக் கணக்கில் வைத்து, காணப் போகும் தீவை அடைவர்.

1976 மே 1-ஆம் நாள் ஹோகுலேயா ஹவாயின் மாவித் தீவிலிருந்து புறப்பட்டது. மவு அறிந்த கடல் அன்று அது. நிலநடுக்கோட்டைக் கடந்தபின் துருவமீன் மறைந்துவிடும். புதிய மீன்கள் தெற்கே எழும். தகித்தியை அவர் முன்பு கண்டதும் இல்லை. கலத்தில் காந்த ஊசி இல்லை, கடிகாரமும் இல்லை. பின்தொடர்ந்த துணைக்கலம் இருக்குமிடத்தைக் குறித்துக்கொண்டதே அன்றி, ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆற்றைக் கடப்போன் கரையோரமாக மேலேறிச் சென்று நீந்தத் தொடங்குவான். நீரோட்டம் அவனை இழுத்து வந்து உரிய துறையில் சேர்க்கும். அவ்வாறே மவு, தகித்திக்கு நேராகச் செல்லாது, காற்று வரும் கிழக்குப் பக்கமாகவே கலத்தை இயன்ற அளவு செலுத்தினார். காற்றொடுங்கும் பகுதியில் கலம் பல நாள் தவித்தது. உடன்வந்தோரிடையே பூசலும் எழுந்தது. ஆயினும் ஒரு மாதத்துக்குப் பின் துவமோத்துக் கூட்டத்தைச் சேர்ந்த மத்தைவா என்னும் தாழ்ந்த தீவு அவர் எண்ணியவாறே தோன்றிற்று. சூன் 4-ஆம் நாள் தகித்தியின் பாப்பீத்தே துறையில் கலம் நுழைந்தபோது, ஏறத்தாழ 17,000 பேர் கரையில் திரண்டு நின்றனர். சிறுவர்கள் ஏறிக்கொண்டமையால் கலத்தின் பின்புறம் நீரில் தாழ்ந்ததாம்.

வெற்றி கண்ட கலம் இரண்டாண்டுக்குள் பெருந்துயரையும் கண்டது. 1978 மார்ச்சு 16-ஆம் நாள், சூறைக்காற்று வீசும் வேளையில், மவு உடனில்லாது, நிறைந்த சுமையோடு அது ஹவாயிலிருந்து மீண்டும் தகித்தி நோக்கிப் புறப்பட்டது. சில நாழிகையில் ஓர் ஓடத்தினுள் நீர் புகுந்து, இரவிலே கலம் கவிழ்ந்தது. மறுநாள் எட்டி ஐக்காவு என்னும் இளைஞர், கவிழ்ந்த கலத்தைப் பற்றித் தத்தளிக்கும் தோழர்க்காக உதவி தேடி, அலைச்சறுக்குப் பலகை ஒன்றின்மேல் படுத்துத் துடுப்பிட்டுக் கரை நோக்கிச் சென்றார். தோழர்கள் அன்றிரவே மீட்கப்பட்டனர். அவர் திரும்பவே இல்லை.

கவிழ்ந்த கலத்தில் இருந்தோருள் ஒருவர் நைநோவா தாம்சன் என்னும் இளைஞர். அவர் மவுவைத் தேடிச் சென்று, தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். இக்கலை குடிவழியாகக் காக்கப்பட்டு வந்தது. அயலார்க்கு உரைத்தல் மரபன்று. தம் ஊராருள் சிலர் குறை கூறுவர் என்பதும் மவு அறிவார். ஆனால் சதவாலின் இளைஞர்களோ பள்ளிக்கும் வேலைக்கும் கப்பலில் ஏறிச் சென்றுகொண்டிருந்தனர். பாட்டனார் தந்த கல்வியைக் கேட்பார் குறைந்து வந்தனர். மவு உடன்பட்டார். அவ்விளைஞர் கடலில் மாண்டுபோதலைத் தாம் விரும்பவில்லை என்பதே அவர் கூறிய காரணம்.

ஹவாயில் கடலை நோக்கிய ஓர் உயர்ந்த கரையில் இருவரும் வைகறையிலும் அந்திப் பொழுதிலும் நின்று வானத்தையும் திரையையும் நோக்கினர். ஒருநாள் மவு, தகித்தி எப்புறம் உள்ளது என்று வினவினார், மாணவர் கைகாட்டினார். அத்தீவு உனக்குத் தெரிகின்றதோ என்று மீண்டும் வினவினார். கண்ணுக்குத் தெரியவில்லை, அதன் உருவம் மனத்துக்குத் தெரிகின்றது என்றார் மாணவர். அவ்வுருவத்தை இழந்தால் வழியையும் இழப்பாய் என்றார் ஆசிரியர்.

1980-ஆம் ஆண்டில் நைநோவா தாமே மீகாமனாகித் தகித்திக்குக் கலஞ்செலுத்தினார். மவு உடன் இருந்தார். ஆனால் வாய் திறவாதிருந்தார். காற்றுகள் கூடும் பகுதியில் ஓரிரவு வானம் முற்றும் இருண்டு, மழை கொட்டி, காற்று திசை மாறி மாறி வீசியது. களைத்துப் போன நைநோவா, போராடுவதை விட்டுக் கலத்தின் ஓரக் கம்பத்தில் சாய்ந்தார். அப்போது முகத்தின் ஒருபுறம் மெல்லிய வெம்மை படுவதாக உணர்ந்து, திங்கள் அங்கேதான் உள்ளது என்று துணிந்து கலத்தைத் திருப்பினார். சிறிது நேரத்தில் முகில் விலக, அவ்விடத்திலேயே திங்கள் தோன்றிற்று. இதனை அவரே கூறியுள்ளார். எவ்வாறு உணர்ந்தார் என்பதை அவராலும் விளக்க இயலவில்லை. நாமும் விளக்க முயல வேண்டா.

அதனினும் பெரிய பாடம் பயண முடிவில் நேர்ந்தது. நிலத்தை அணுகியதற்கு அடையாளம் பறவை. வெள்ளை ஆலாக்கள் இரவில் கரையில் தங்கி, காலையில் மீன் தேடிக் கடலுக்குள் பறக்கும். மாலையில் கரைக்குத் திரும்பும். ஆகவே காலையில் பறவை வரும் திசையிலும், மாலையில் அது செல்லும் திசையிலும் நிலம் உண்டு. சிறு தீவும் இருபது மைலுக்கு மேல் தன் பறவைகளால் விரிந்து பெருந்தீவாகிவிடும். ஒருநாள் வைகறையில் ஆலா ஒன்று தெற்கு நோக்கிப் பறப்பதைக் கண்ட நைநோவா, இது கடலுக்குச் செல்வது, ஆதலின் தீவு நமக்குப் பின்னே வடக்கில் உள்ளது என்று கணக்கிட்டுக் கலத்தைத் திருப்பினார். கணக்கு நூற்கு ஒத்ததே. அதுவரை வாய் திறவாதிருந்த மவு அன்று குறுக்கிட்டு, பறவையின் பின்னே செல்லுமாறு பணித்தார். ஒரு மணி நேரத்தில் தீவு தோன்றும் என்றும் கூறினார். அவ்வாறே தோன்றிற்று. பின்னர்க் காரணம் கேட்டபோது, அப்பறவையின் அலகில் மீன் இருந்தது என்றார். குஞ்சு பொரிக்கும் காலம் அது. தாய்ப்பறவை இருளிலேயே சென்று இரை பிடித்துக் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மற்றவர் பறவையைக் கண்டனர்; அவர் அலகைக் கண்டார்.

நைநோவாவும் அவர்பால் பயின்றோரும் பின்னர்ப் பலர்க்குக் கற்பித்தனர். 2014 முதல் 2017 வரை ஹோகுலேயா நிலவுலகையே சுற்றி வந்தது. அதற்கு முன்பே, 2007-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஹவாயினர் தம் ஆசிரியர்க்குக் காணிக்கையாக ஓர் இரட்டைக் கலம் கட்டிச் சதவாலுக்குக் கொண்டு சென்றனர். அப்போது மவு, மீகாமன் பட்டம் அளிக்கும் ‘புவோ’ என்னும் பழஞ்சடங்கைத் தம் தீவில் நிகழ்த்தி, 16 பேர்க்கு அப்பட்டத்தை அளித்தார். அவருள் ஐவர் ஹவாயினர். மூன்றாண்டு கழித்து, 2010 சூலை 12-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர்க்கு அளித்த கலத்தின் பெயர் ‘அலிங்கானோ மைசு’. ஈரப்பலா அத்தீவினர்க்குச் சோறு போன்றது. மரத்திலுள்ள கனி மரத்துக்குரியவனுக்கே சேரும். பெருங்காற்றில் தானே உதிர்ந்து கீழே கிடக்கும் கனியை மட்டும் யார் வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ளலாம். அக்கனிக்கே மைசு என்று பெயர்.